விழாவும் ஊரும்: மணிமேகலை விழாவறை காதை பற்றிய ஓர் ஆய்வு

புகார் நகரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை கூறும் செய்தி. பகைவர் முற்றியமையாலோ, மழை பொய்த்தமையாலோ, செங்கோல் வளைந்தமையாலோ அந்நகர் அழிந்தது என்று சாத்தனார் கூறினாரல்லர். மகனை இழந்த மன்னன் துயரில் ஆழ்ந்து இந்திர விழாவைக் கைவிட்டான். அதனால் நகர் கடல்வயிறு புக்கது என்பதே அவர் காட்டும் காரணம். முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பயிற்றியபொழுது மாணவி ஒருவர், “ஒரு விழா நடவாமைக்காக ஒரு நகரையே அழித்தல் அறமாகுமா, ஐயா?” என வினவினார். இந்திரன் சினம், மணிமேகலா தெய்வத்தின் சாபம் என்று நூலிற் கண்டவற்றையே அன்று விடையாகக் கூறினேன். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும் அளிக்கவில்லை. விழா என்பதைச் சாத்தனார் எவ்வாறு கருதினார் என்பதை ஆராய்ந்தாலன்றி அவ்வினாவிற்கு விடை காண்டல் அரிது.

1898ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்ட நாள்தொட்டு, அதன் முதற்காதையாகிய விழாவறை காதையைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவி வருகின்றன. காப்பியத்திற்கு இன்றியமையாத நகர் வருணனையே அது என்பர் ஒரு சாரார். பழைய சடங்கு ஒன்றன் எச்சம் அது. பௌத்தராகிய சாத்தனார் மரபு நோக்கி அதனைத் தழுவிக்கொண்டார் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் முற்றப் பொருந்துவனவாக எனக்குத் தோன்றவில்லை. வருணனை என்பார் அக்காதையின் வினைமுற்றுகளை நோக்கினாரல்லர். எச்சம் என்பார் நூலின் இறுதிப் பகுதியை நோக்கினாரல்லர்.

முதற்கண் வினைமுற்றுகளை நோக்குவாம். இவ்விழாவைச் சிலப்பதிகாரமும் பாடுகின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் இடையே அமைந்த நாளங்காடியையும் ஐவகை மன்றங்களையும் காட்டுகின்றார். அங்கே விழா நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. நாம் ஒரு புறத்தே நின்று காண்கின்றோம். சாத்தனார் காட்டுவதோ நிகழும் விழாவன்று, நிகழவேண்டிய விழா. வச்சிரக்கோட்டத்து முரசத்தை யானையின் பிடரில் ஏற்றி, முதுகுடியிற் பிறந்த ஒருவன் ஊரை வாழ்த்தி, மழையையும் மன்னனையும் வாழ்த்தி, பின்னர் ஊராரை விளித்துப் பேசுகின்றான். வீதிகளிலும் மன்றங்களிலும் பழமணலை மாற்றிப் புதுமணல் பரப்புமாறும், நிறைகுடமும் பாலிகையும் பாவைவிளக்கும் வைக்குமாறும், கமுகும் வாழையும் கரும்பும் நடுமாறும், கொடி எடுக்குமாறும் கூறுகின்றான். ‘மின்’ ஈற்று வினைகளாகவே அவன் பேச்சு நடக்கின்றது. தொல்காப்பியர் முன்னிலைப் பன்மைக்கு ஓதிய ஈறு அது. நகரத்தை வருணிப்பதற்கு அவ்வீறு வேண்டுவதன்று. முன் நிற்போரை ஒரு செயலில் ஏவுதற்கே அது வேண்டும்.

இஃது இலக்கண நுணுக்கம் மட்டும் அன்று. மணல் மாற்றுதல் கூலியாட்களும் செய்யத்தக்க பணி. அரசன் ஆணையிட்டிருப்பின் ஒரே இரவில் அது முடிந்திருக்கும். அவ்வாறு செய்யாது, ஊரார் அனைவரும் கேட்க முரசறைந்து ஊராரையே அப்பணிக்கு அழைப்பதாகச் சாத்தனார் பாடியமை கருதத்தக்கது. அன்றியும், அழைப்பு ஒரு தன்மைத்தன்று. அவரவர்க்கு ஏற்ற பணி அவரவர்க்கு உரைக்கப்படுகின்றது. நுதல்விழி நாட்டத்து இறைவன் முதலாகச் சதுக்கப்பூதம் ஈறாக உள்ள தெய்வங்களின் கோட்டங்களில் செய்வன அறிந்தோர் செய்யவேண்டும். நல்லுரை அறிந்தோர் பந்தரிலும் பொதியிலிலும் சென்று அமரவேண்டும். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறவேண்டும். இவற்றுள் ஒன்றும் செய்யவியலாதவர்க்கும் ஒரு பணி உண்டு: பகைவரை எதிர்ப்படினும் பூசலிடாது விலகிச் செல்லுதல். மணற்குன்று, பூஞ்சோலை, ஆற்றிடைத் துருத்தி, நீர்த்துறை என ஊரார் கூடும் இடங்களையும் எண்ணிக் கூறி, அவ்விடங்களில் இருபத்தெட்டு நாளும் தேவரும் மக்களும் வேற்றுமையின்றி உடன்திரிவர் என்று முடிக்கின்றான்.

வீதியும் மன்றமும் துறையும் ஆண்டு முழுவதும் இருப்பனவே. அவ்விருபத்தெட்டு நாளில் அவை ஊரார்க்கு உரிய இடங்களாக மீண்டும் ஆக்கப்படுகின்றன. கலையாலும் விழாவாலும் நலிந்த ஊர்களை உயிர்ப்பித்தல் பற்றி இன்று நகரமைப்பு அறிஞர் பலவாறு எழுதுகின்றனர். ‘இடமாக்கல்’ என்னும் சொல்லும் வழக்கிற்கு வந்துளது. அவர்தம் நூல்களிற் பல, அழகுபடுத்துதலையும் ஊராரைப் பங்குகொள்ளச் செய்தலையும் இருவேறு படிகளாகப் பிரித்துப் பேசுகின்றன. விழாவறை காதையில் அவ்விரண்டும் ஒரே வினையில் அடங்கியுள்ளன. மணலை மாற்றுபவனுக்கே அம்மணல் உரியது ஆகின்றது.

விழா எடாவிடின் விளையும் கேட்டினையும் அக்காதையின் தொடக்கமே கூறிவிடுகின்றது. சமயக் கணக்கரும் காலக் கணிதரும் மொழி பெயர் தேயத்திலிருந்து வந்து தங்கியோரும் ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் ஒருங்கு கூடி ஆராய்கின்றனர். விழா தவறினால் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும். தீயோரைப் புடைத்துண்ணும் சதுக்கப்பூதமோ ஊரைவிட்டு நீங்கும் என்பது அவர்தம் அச்சம். முன்னையதைக் காட்டிலும் பின்னையதே ஆழ்ந்த பொருளுடையது என்பேன். சதுக்கப்பூதம் தண்டிப்பதன்று அவர்கள் அஞ்சியது; தண்டிக்காது அகல்வதையே அஞ்சினர். நாற்சந்தியில் நின்று பொய்யையும் வஞ்சத்தையும் ஒறுக்கும் ஓர் ஆற்றல், ஊரார் கூடி விழா எடுக்கும் வரைதான் அவ்வூரில் தங்கும். கூடுதல் ஒழிந்த ஊரில் ஒருவர் செய்யும் தவற்றை மற்றொருவர் கேட்பாரில்லை என்பதைப் பழைய நம்பிக்கையின் மொழியில் இதனினும் தெளிவாகக் கூறுதல் இயலாது.

இதுகாறும் கூறியவற்றால் சாத்தனாரை விழாவின் புகழ்பாடகராகக் கொண்டுவிடல் ஆகாது. அடுத்த காதையிலேயே அவர் மறுதலையைத் தொடங்குகின்றார். ஊரலருரைத்த காதையில் விழா தொடங்கிவிட்டது, ஆயின் ஆடவேண்டிய மாதவி வரவில்லை, மணிமேகலையும் வரவில்லை. சித்திராபதி வருந்தி வயந்தமாலையை விடுக்கின்றாள். ஊர் அலர் தூற்றுகின்றது. எல்லாரையும் அன்புடன் அழைத்த அதே ஊர், வாராத ஒருத்தியைப் பழிக்கின்றது. விழாவிற்குக் கலை வேண்டும். கலைக்குக் கலைஞர் வேண்டும். கோவலன் இறந்தமை கேட்டுத் துறவு பூண்ட ஒருத்தியை, அவள் பிறந்த குடியைக் காட்டி ஆடுக என வற்புறுத்துதற்கு ஊருக்கு உரிமை உண்டா? கலையால் ஊரை வாழ்விப்போம் என்பார் எவரும் எதிர்கொள்ளவேண்டிய வினா இது. அதனைக் காப்பியத்தின் வாயிலிலேயே நிறுத்தியமைக்காகச் சாத்தனாரைப் பாராட்டுதல் வேண்டும். மாதவியின் மறுப்பு இல்லையேல் மணிமேகலை என்னும் நூலே இல்லை.

மூன்றாவதாகிய மலர்வனம் புக்க காதையில் வீதியிற் கண்ட விழா, முரசறைந்தோன் கூறிய விழாவன்று. களிமகன் ஒருவன் சமணத் துறவியைப் பின்தொடர்ந்து கள்ளுண்ண அழைத்து எள்ளுகின்றான். பித்தன் ஒருவன் திரிகின்றான். பேடிக்கூத்தினைச் சிலர் சூழ்ந்து காண்கின்றனர். சுதை ஓவியங்களைச் சிலர் வியந்து நிற்கின்றனர். அக்கூட்டமே பின்னர் மலர் கொய்யச் செல்லும் மணிமேகலையைச் சூழ்ந்து, அவள் அழகை வியந்து, அவளைத் துறவில் விடுத்த தாயை வைகின்றது. பூசல் செய்யாது அகலுமாறு கூறிய முரசொலி அடங்கி எத்தனை நாள் ஆயின? (களிமகன் எள்ளலில் பௌத்தப் புலவர் சற்றே மகிழ்ந்தார் என்று ஐயுறவும் இடமுண்டு, அதனை ஈண்டு விரிக்கவில்லை.) விழாவின் ஏவலுக்கும் விழாவின் நடப்பிற்கும் இடையே உள்ள இவ்வகற்சியை மறையாது காட்டுதலின், விழாவறை காதை வெறும் மரபு வருணனையாதல் சாலாது.

பின்னர் நிகழ்வன யாவரும் அறிந்தவை. மணிபல்லவத்தில் அமுதசுரபி கிடைக்கின்றது. ஆதிரை முதற்பிச்சை இடுகின்றாள். உலகவறவியில் மணிமேகலை பசித்தோர்க்கு உணவளிக்கின்றாள். காயசண்டிகை வடிவில் சிறைக்கோட்டம் புகுந்து சிறைப்பட்டோர் பசி களைகின்றாள்; மன்னன் வியந்து, வேண்டுவது யாது என, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகின்றாள்; அவனும் இசைகின்றான். ஓர் இடத்தின் பயனை மாற்றி ஊரை மாற்றும் செயலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் பழைய இலக்கியத்தில் உளதாக நான் அறியேன். விழாவில் ஆட மறுத்தவள், விழா இல்லாமலே ஊரின் ஓர் இடத்தை மாற்றிக் காட்டினாள்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அறம் விழாவினும் உயர்ந்தது என்பது சாத்தனார் கருத்தாயின், அறக்கோட்டம் அமைந்த பின்னர்ப் புகார் வாழ்ந்திருக்கவேண்டும். வாழவில்லை. சிறையை அறக்கோட்டமாக்கிய நெடுமுடிக்கிள்ளியே, பீலிவளை ஈன்ற மகன் கம்பளச் செட்டியின் கலத்தில் வரும்பொழுது கலம் உடைந்து காணாதொழிந்தமை கேட்டு, கரைதோறும் தேடித் திரிந்து விழாவை மறக்கின்றான். அதனைத் தீவதிலகை மணிபல்லவத்தில் உரைக்கின்றாள். உதயகுமரனை முன்னரே வாளுக்கு இழந்த தந்தை அவன் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவனைக் கொடியவன் எனக் கூறுதல் இயலாது. துயருற்றவன் எனவே கூறவியலும். ஆயினும் நகர் அழிந்தது.

இதற்கு நான் காணும் விளக்கம் வருமாறு. முதற்காதையில் விழாவை எடுக்கத் துணிந்தவன் மன்னன் அல்லன், கூடிய அவையத்தாரே. முரசு ஊராரை அழைத்தது. பிற்பகுதியில் விழா மன்னன் ஒருவனுடைய நினைவையே சார்ந்து நிற்கின்றது. அவன் மறந்தபொழுது நினைவூட்டுவார் இலர்; அவன் இன்றியே மணல் மாற்றுவாரும் இலர். ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் அவ்வாண்டு எங்கே சென்றன என்பதைச் சாத்தனார் கூறவில்லை. அவர் வாளா இருந்தமையே விடை என்று கொள்கின்றேன். ஒருவன் துயரால் ஓர் ஊரின் கூட்டம் முழுவதும் நின்றுவிடுமாயின், கடல் வருமுன்னரே அவ்வூர் கலைந்துவிட்டது என்பதே பொருள். அம்மாணவி வினாவிற்கு இன்று விடை கூறுவதாயின், அழிவு தண்டனையன்று, விளைவு என்றே கூறுவேன். இது நூலின் சொற்களுக்கு அப்பாற்பட்ட ஊகம் எனச் சிலர் மறுக்கக்கூடும். சாபம் என்று நூல் வெளிப்படையாகக் கூறுவதை நானும் மறுக்கவில்லை. அச்சாபம் ஏன் ஒரு விழாவின்மேல் ஏற்றப்பட்டது என்பதற்கே காரணம் தேடுகின்றேன்.

இவ்விடத்தில் இற்றைப் பூம்புகாரைப் பற்றி ஒன்று கூறுதல் பொருந்தும். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கீழையூரில் செங்கல் படகுத்துறையையும் பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரத்தையும் கண்டனர். 1973இல் எழுநிலை மாடத்துடன் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. சித்திரைத் திங்களில் இந்திர விழாவினை அரசு முன்னின்று நடத்தியதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சிலருடன் அங்குச் சென்று, கலைக்கூடத்தைக் கண்டு, பின் அக்கடற்கரையில் உள்ள குப்பம் ஒன்றில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவருடன் உரையாடினோம். கலைக்கூடம் பற்றி வினவியபொழுது, “அது பார்க்க வர்றவங்களுக்குங்க, ஐயா. எங்களுக்குத் திருவிழான்னா எங்க அம்மன் கோயில்தான்” என்றார். எந்தத் தலைக்கட்டு எவ்வளவு வரி தரவேண்டும், பந்தற்கால் நடுவோர் யாவர், கரையிலிருந்து மணல் கொணர்வோர் யாவர் என்று விரலை மடக்கி எண்ணிக் கூறினார். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்துசென்ற பின்னர், அவ்வாண்டுத் திருவிழாவை நடத்துவதா விடுவதா என்று ஊர் கூடிப் பேசியதாம். விட்டால் ஊர் கலைந்துபோகும் என்று பெரியவர்கள் கூறினராம். கரகமும் மேளமும் இன்றிப் பொங்கல் மட்டும் வைத்து நடத்தினராம்.

என்னுடன் வந்த மாணவர்கள் அதனை ஒரு செய்தியாகவே குறித்துக்கொண்டனர். எனக்கோ விழாவறை காதையின் அவையம் நினைவிற்கு வந்தது. கலைக்கூடத்தைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஏட்டில் காப்பியம் பயிலாதாரும் கண்ணகி வரலாற்றைக் கல்லிற் காண அது வழி செய்துள்ளது. ஆயினும் அதனுள் ‘மின்’ ஈறு இல்லை. காண்போர் உளர், ஏவப்படுவோர் இலர். கலையால் ஊரை மீட்கும் திட்டங்கள் பல இடர்ப்படுவது இவ்விடத்திலேதான் எனக் கருதுகின்றேன். கட்டடம் எழுப்புவோர் ஊராரை விருந்தினர் ஆக்கிவிடுகின்றனர்.

இனி, எச்சம் என்பார் நோக்காத இறுதிப் பகுதிக்கு வருவாம். கச்சிமாநகர் புக்க காதையில் மணிமேகலை பஞ்சமுற்ற காஞ்சியை அடைகின்றாள். அங்கே இளங்கிள்ளி மணிபல்லவத்துக் கோமுகியைப் போன்றே ஒரு பொய்கையும் அதனைச் சூழப் பொழிலும் அமைத்துள்ளான். அப்பொழிலில் புத்த பீடிகையும், தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்திற்கும் கோயிலும் அமைகின்றன. மன்னனால் விழாவும் சிறப்பும் எடுக்கப்படுகின்றன. புகாரில் ஆட மறுத்தவள் முன்னிலையில், புகாரை அழியவிட்ட குடியின் இளையவன் கையால், மீண்டும் ஒரு விழா! சாத்தனார் விழாவை வெறுத்தவராயின் இதனை இங்கே வைத்திருக்க வேண்டுவதில்லை. பழைய சடங்கின் எச்சம் என்பதும் இங்கே பொருந்தாது. இஃது இந்திரனுக்கு எடுத்த விழாவன்று. புதிய இடத்தில் புதிதாகத் தோன்றிய விழா. மணிபல்லவத்தைப் போலவே பொய்கையும் பொழிலும் அமைத்தமையும் கருதத்தக்கது. தொலைவில் உள்ள தூய இடம் ஒன்றைப் பசித்த ஊரின் நடுவே கொணர்ந்து நிறுத்திய பின்னரே விழா தொடங்குகின்றது.

ஆயினும் புகார் விழாவிற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே முரசறைவோன் இல்லை. பட்டிமண்டபம் இல்லை. மணிமேகலை அமுதசுரபியைப் பீடிகைமேல் வைத்து நின்று எல்லா உயிரையும் அழைக்கின்றாள். பதினெட்டு மொழி பேசும் மக்களுள் காணாரும் கேளாரும் பேசாரும் கால் முடம்பட்டாரும் பிணியுற்றாரும் பசியால் மெலிந்தாரும் வருகின்றனர், விலங்கும் வருகின்றது. முதற்காதையின் முரசு விளித்தவரெல்லாம் ஏதேனும் ஒரு பணி செய்ய வல்லவர். கொடி எடுக்கவும் மணல் பரப்பவும் வாது புரியவும் கூடியவர். காஞ்சியில் வந்தவர் அவற்றுள் ஒன்றும் செய்யமாட்டாதவர். முரசொலி கேளாத செவியினரும் அவருள் உளர்.

மணிமேகலையின் அழைப்பு ‘வருக’ என்னும் வியங்கோளால் அமைந்தது. முரசறைந்தோன் வாழ்த்தும்பொழுது வியங்கோளையும், ஊராரை அழைக்கும்பொழுது ஏவலையும் ஆண்டான் என்பது மேலே கண்டது. ஏவல் முன்னிலைக்கே உரியது. வியங்கோளைத் தொல்காப்பியர் முன்னிலைக்கும் தன்மைக்கும் பெரும்பான்மையும் விலக்கிப் படர்க்கைக்கு உரித்தாக்குவர். நன்னூலார் மூவிடத்திற்கும் ஐம்பாற்கும் கொள்வர். எவ்வாறு கொள்ளினும், அச்சொல் எதிரே நிற்பாரை மட்டும் சுட்டுவதன்று. அங்கு இல்லாரையும், மொழி அறியாரையும், அஃறிணையையும் தழுவும். முதற்காதைக்கும் இருபத்தெட்டாம் காதைக்கும் இடையே அழைப்பின் வினை மாறியமை புலவர் கருதிச் செய்ததா, யாப்பின்பாற்பட்டதா என்பதைத் துணிதற்கு நூல் முழுவதிலும் உள்ள ஏவல், வியங்கோள் வினைமுற்றுகளைத் தொகுத்து ஒப்புநோக்குதல் வேண்டும். அப்பணியில் ஈடுபட முன்வரும் ஆய்வு மாணவர் முதலில் விழாவறை காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை, கச்சிமாநகர் புக்க காதை ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று.